சோதனை இல்லாத நாள்

வலது கை முதலில், இடது கை பிறகு. வாஷ்பேசினுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டீல் வாளியில், முழங்கைக்கு நாலு விரல் கீழே வரைக்கும் வெந்நீர். மனசுக்குள் அறுபது எண்ணுகிறார். துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் எதிரெதிர் அக்குளில் செருகியபடி அறையின் குறுக்கே நடந்து கட்டில் பக்கம் வருகிறார். அப்புறம்தான் நோயாளியின் காலைத் தொடுவார். "சில்லுன்னு கை பட்டா சதை பயந்துக்கும். பயந்த சதை எவ்வளவு அமுக்கினாலும் வாயைத் திறக்காது" என்பார்.

மருத்துவமனையின் பின்பக்கம், துணி வெளுக்கும் கூடத்துக்கு அடுத்த அறை அவருடையது. முழங்கால் மாற்றிக்கொண்டவர்கள், இடுப்புப் பிடித்துக்கொண்டவர்கள், விழுந்து எழுந்தவர்கள் என்று காலையிலிருந்து வரிசை நிற்கும். அங்கே இருக்கிற மற்ற இரண்டு பிசியோதெரபிஸ்டுகள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் இவருக்காகக் காத்திருப்பார்கள். வயது அறுபத்திரண்டு. தலை முழுக்க நரைத்துவிட்டது, கை மட்டும் இளம்பிள்ளையின் கை மாதிரி வழவழவென்று இருக்கிறது. அந்தக் கைகள் பத்தொன்பது வருஷம் தொழில்முறை சைக்கிள் பந்தய அணி ஒன்றின் கால்களைப் பிசைந்தவை என்பது அங்கே வருகிற பலருக்குத் தெரியாது. அணியில் எல்லாரும் அவரை வெந்நீர் என்றே கூப்பிட்டார்கள். ஓட்டல் ஓட்டலாக அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

இன்னும் இரண்டு பழக்கங்கள் உண்டு. யாராவது கை கொடுத்தால் பிடித்த கையை உடனே விடமாட்டார். இரண்டு விரல் தானாக மணிக்கட்டுக்குள் நழுவிப் போய் நாடியைத் தேடும். பேச்சு ஒரு பக்கம் நடக்கும், எண்ணிக்கை ஒரு பக்கம் நடக்கும். மற்றது, வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் அதைப் பார்த்தாக வேண்டும். நாலு டிகிரி இருந்தால் நிம்மதி. "பால் பாக்கெட்டுக்கு ஜுரம் பார்க்கிற மனுஷன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்று மனைவி சிரிப்பார். அவரும் சிரித்துவைப்பார்.

அந்த நாலு டிகிரி பாலுக்காக வந்ததல்ல. அந்தச் சூட்டிலேயே வைக்க வேண்டிய ஒரு மருந்துக்காக வந்தது. அணியில் அதற்கு வைட்டமின் என்று பெயர். சின்னச் சின்னக் குப்பிகள். ஃப்ரிட்ஜ் கதவில், ஆரஞ்சு ஜூசுக்குப் பின்னால் இருக்கும். டாக்டர் எழுதிக் கொடுப்பார், இவர் ஊசி போடுவார். போட்டால் ரத்தத்தில் சிவப்பணு பெருகும், மலை ஏறுகிறவனுக்கு மூச்சு முட்டாது. ரத்தமும் கெட்டியாகும். எவ்வளவு கெட்டி என்று பார்க்க ஒரு குட்டி மெஷின். அதன் கணக்கில் ஐம்பதைத் தாண்டினால் பந்தயத்திலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆகவே சோதனைக்காரர்கள் வருகிற காலையில் இவர் முன்கூட்டியே எழுந்து, ஒவ்வொருவருக்கும் சலைன் ஏற்றுவார். உப்புநீர் இறங்க இறங்க ஐம்பத்து மூன்று நல்ல பிள்ளையாக நாற்பத்தொன்பதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லா அணிக்காரர்களும் செய்தார்கள், இவர்களும் செய்தார்கள். தன்னைக் கை சுத்தமானவர் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஒரு ஊசியை இரண்டு பேருக்குப் போட்டதில்லை, ஒரு நரம்பைத் தவறவிட்டதில்லை.

அணியில் மலை ஏறுவதற்கென்றே ஒருவர் இருந்தார். ஒல்லி, வாயாடி, இவர் தங்கையின் கணவர். தங்கையைக் கட்டிக்கொடுத்ததே இவர்தான். மாப்பிள்ளையின் கால் மாதிரி இன்னொரு காலைத் தொட்டதில்லை என்று இன்றைக்கும் சொல்வார். மூன்று வாரப் பந்தயத்தின் நடுவே ஒரு ஓய்வு நாள். காலையில் வழக்கம்போல விரல் நுனியில் ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தார். ஐம்பத்தேழு. நோட்டில் எழுதிக்கொண்டார். ஆனால் அன்றைக்குப் பந்தயமும் இல்லை, சோதனையும் இல்லை. சலைன் எதற்கு? பத்து நாளாகக் குத்திக் குத்திப் புண்ணான நரம்பு, ஒரு நாளாவது சும்மா இருக்கட்டுமே என்று பாசத்தில் விட்டுவிட்டார். ஏமாற்றுவதற்காக ஏற்றிய தண்ணீர்தான் அந்த ஆட்களை உயிரோடு வைத்திருந்தது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளை படுத்தார். நாலு மணிக்கு இவர் வாளியில் கையை நனைத்து, அக்குளில் செருகி, மசாஜுக்குப் போனார். சூடான கை பட்ட கால் சில்லென்று இருந்தது.

அணி டாக்டர் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு என்று எழுதிக் கொடுத்தார். மேனேஜர் இவரைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் நீங்கள் சொன்னால்தான் நம்புவார்கள் என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கையிடம் இவரே தன் வாயால் சொன்னார்: "வம்சத்துல வர்றதாம்மா. யாராலயும் எதுவும் செய்ய முடியாதாம்." தங்கை அழவில்லை. மடியில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தையைக் குனிந்து பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்த பிறகுதான், அணியைக் காப்பாற்றச் சொன்ன பொய் எங்கே போய் உட்கார்ந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. அப்போதே திருத்தியிருக்கலாம். பயந்துவிட்டார். அடுத்த நாள் சொல்லலாம் என்று இருந்தார். அடுத்த நாள் பதினேழு வருஷமாயிற்று.

தங்கை பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வீடு மூன்றாவது மாடி. மகள் ஏறும்போது ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று ஐம்பது எண்ண வேண்டும் என்பது சட்டம். பள்ளியில் ஓட்டம் கிடையாது, நீச்சல் கிடையாது, ஸ்கிப்பிங் கயிறு கூடக் கிடையாது. வருஷா வருஷம் ஸ்கேன். ஒவ்வொரு வருஷமும் ஒன்றுமில்லை என்றே வரும். குடும்பத்தில் இருக்கிறதே, எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் மாத்திரையைத் தொடர்ந்து எழுதுவார். ஞாயிறு முதல் சனி வரை ஏழு மூடி போட்ட டப்பாவில் தங்கை அதை நிரப்பிவைப்பாள். அப்பாவின் சைக்கிள் வீட்டுக் கூடத்துச் சுவரில், கூரையை ஒட்டி, இரண்டு கொக்கியில் தொங்குகிறது. குழந்தை எட்டிப் பிடித்துவிடக் கூடாதென்று அவ்வளவு உயரம். மாட்டிக் கொடுத்தவரும் இவர்தான்.

இப்படி இருக்கையில்தான் பொது மன்னிப்பு என்று பேச்சு வந்தது. பழைய காலத்தில் மருந்து எடுத்தவர்கள், கொடுத்தவர்கள், பார்த்துக்கொண்டு இருந்தவர்கள் எல்லாரும் மாதக் கடைசிக்குள் சைக்கிள் பந்தயச் சங்கம் அமைத்த விசாரணைக் குழுவிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் தண்டனை இல்லை, பெயரும் வெளியே வராது. சொல்லாமல் இருந்து பிறகு மாட்டினால் தொழில் உரிமம் போய்விடும். பழைய மேனேஜர் போன் செய்து, யாரும் போகாவிட்டால் யாரும் மாட்ட முடியாது, எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு இருங்கள் என்றார். செத்தவரைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்று அக்கறையாகவும் கேட்டார்.

இன்னொருவர் நேரிலேயே வந்தார். அதே அணியில் இரண்டு வருஷம் ஓட்டியவர். வைட்டமின் வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டதால் இருபத்துநாலு வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, அன்றிலிருந்து பஸ் ஓட்டுகிறவர். இடுப்பு வலிக்காக மாதம் ஒரு தடவை வருவார். குப்புறப் படுத்தபடியே, பொது மன்னிப்பைப் பற்றித் தலையணைக்குள் பேசினார்.

"எனக்கும் ஒரு மன்னிப்புக் குடுங்கன்னு ஃபாரம் கேட்டேன். நீங்க என்ன தப்பு செஞ்சீங்கன்னாங்க. ஒண்ணும் செய்யலைன்னேன். அப்ப உங்களுக்கு ஃபாரம் இல்லைன்னுட்டாங்க."

இவர் சிரித்தார். பஸ்காரர் சிரிக்கவில்லை. சொன்னவர்களை மன்னிப்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றும், உண்மை வெளியே வர வேறு வழியும் தெரியவில்லை என்றும் சொன்னார். ஆனால் பூட்டிய அறைக்குள் சொல்லிப் பூட்டிய அறைக்குள்ளேயே மன்னித்துக்கொண்டால், வெளியே நிற்கிறவனுக்கு அதில் என்ன என்று கேட்டார். இடுப்பில் இருந்த கை கொஞ்சம் நின்றுவிட்டதை அவர் கவனித்திருக்க வேண்டும். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

வெந்நீர் விசாரணைக் குழுவிடம் போனார். நீளமான மேஜை, ஓய்வுபெற்ற பெண் நீதிபதி, பக்கத்தில் இரண்டு பேர், தட்டச்சு செய்ய ஒருத்தி. எழுபது நிமிஷம் பேசினார். குப்பி, ஃப்ரிட்ஜ், சலைன், ஐம்பத்தேழு, வராந்தாவில் சொன்ன வாக்கியம் உட்பட எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல உடம்பு லேசாகிக்கொண்டே போனதாம். அந்த லேசுதான் தனக்கு அருவருப்பாக இருந்தது என்று பிறகு மனைவியிடம் சொல்லியிருக்கிறார். கடைசியில் நீதிபதி, ஒத்துழைப்புக்கு நன்றி, இனி உங்கள் மீது நடவடிக்கை இல்லை, இந்தக் கோப்பு முத்திரையிடப்படும் என்றார்.

"அந்தப் பொண்ணு தினம் மாத்திரை சாப்பிடுதும்மா. அதுக்கு யாரு சொல்லுவாங்க?" என்று கேட்டார் இவர்.

"அது எங்க வேலை இல்லீங்க" என்றார் நீதிபதி. கோப்பை மூடிக்கொண்டே, "நீங்க சொல்லக் கூடாதுன்னும் நாங்க சொல்லலை" என்றார்.

மன்னிப்புக் கடிதம் பத்து நாளில் வந்தது. ஒரே பக்கம், கீழே முத்திரை. சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போய், மூன்று தடவையும் அப்படியே திரும்பி வந்தார். நாலாவது வாரம் மருமகளே மருத்துவமனைக்கு வந்துவிட்டாள். மருமகள் என்றால் தங்கையின் மகள்தான். பத்தொன்பது வயது, அப்பாவின் ஒல்லி, அப்பாவின் வாய். அம்மாவுக்குத் தெரியாமல் தீயணைப்புத் துறைக்கு எழுதிப் போட்டு, எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். அடுத்தது ஓட்டம், ஏணி ஏற்றம். அதற்கு வரும் புதன்கிழமைக்குள் பெயர் பதிய வேண்டும். தேறியதாக வந்த கடிதத்தை அம்மா பார்த்துவிட்டு இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம்.

"நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க மாமா. எல்லாத்துக்கும் உங்க பேச்சைத்தானே கேட்டிருக்காங்க."

அவள் கை இவர் கையில் இருந்தது. இரண்டு விரல் வழக்கம்போல நழுவிப் போய் எண்ணிக்கொண்டிருந்தது. சீராக, அவசரமில்லாமல், கடிகாரம் மாதிரி அடித்தது. தங்கம் மாதிரி இதயம். அவருக்குத் தெரியும், பதினேழு வருஷமாகவே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தையல் மெஷினில் குனிந்து குனிந்து தங்கைக்குத் தோள்பட்டை இறுகிப்போகும்; வாரா வாரம் இவர்தான் பிடித்துவிடுவார். சமையலறையில் வெந்நீர் வைத்து, கையை நனைத்து, அக்குளில் செருகிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். மர ஸ்டூலில் தங்கை அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். மருமகள் ஜன்னலோரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்கிற தைரியம் அவருக்கு இல்லை. அதனால்தான் இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தோளில் கையை வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

வைட்டமின் என்று சொன்னது என்ன என்று சொன்னார். யார் போட்டது என்று சொன்னார். அன்றைக்குக் காலையில் மெஷின் காட்டிய எண்ணைச் சொன்னார், சலைன் ஏற்றாமல் விட்டதைச் சொன்னார். பிறவிக் கோளாறு என்று ஒன்று எந்தக் காலத்திலும் இல்லை, மாப்பிள்ளைக்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை என்றார். நடுவில் மன்னிப்புக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல நினைத்து, வெட்கமாக இருந்ததால் விட்டுவிட்டார். பேசப் பேச, உள்ளங்கைக்குக் கீழே தங்கையின் தோள் கல்லாகிக்கொண்டே வந்தது. அவ்வளவு சூடான கைக்குக் கீழே ஒரு சதை அப்படி இறுகி அவர் பார்த்ததில்லை.

"கையை எடு" என்றாள். அண்ணா என்ற சொல் கூடவே வரவில்லை.

எடுத்தார். தங்கை எழுந்தாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்டூலை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் போட்டு, அதன்மேல் ஏறி நின்றாள். இரண்டு கையாலும் சைக்கிளின் பாரைப் பிடித்துத் தூக்கினாள். முன்சக்கரம் கொக்கியிலிருந்து வந்துவிட்டது, பின்சக்கரம் மாட்டிக்கொண்டு ஸ்டூல் ஆடியது. அவர் ஓடிப்போய்த் தாங்கக் கையை நீட்டினார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். மகளைப் பார்த்து, "நீ வா, பிடி" என்றாள்.

மருமகள் வந்து பிடித்தாள். பதினேழு வருஷத் தூசி இரண்டு பேர் தலையிலும் கொட்ட, வெடித்துப்போன டயர்களோடு சைக்கிள் தரைக்கு இறங்கியது. வெந்நீர் இரண்டு அடி தள்ளி நின்று, கைகளை அக்குளில் செருகிக்கொண்டார்.