தரை டீச்சர்

தையல்காரர் வீட்டு நாயின் சாக்கில் அந்த ஐம்பது வயதுப் பெண்மணி காலை நீட்டி மல்லாந்து படுத்திருக்கிறார். இஸ்திரி போட்ட சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாக, தரையில். சாக்கின் சொந்தக்காரன் கரியன் இரண்டடி தள்ளி நின்று திருதிருவென்று முழிக்கிறான்.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் அரைமணி நேரம் இதுதான். நாய் படுக்கும் இடத்தில் தானும் படுத்து, அது கேட்பதைக் கேட்டு, அது முகர்வதை முகர்வார். நாய்களைப் பழக்கும் அவருக்கு அதனாலேயே ‘தரை டீச்சர்’ என்று பெயர். சாப்பாடு, வயிறு, வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் அப்புறம்தான் விசாரிப்பார். “உக்காரு, எந்திரின்னு சொல்லிக்குடுக்க நான் எதுக்கு? மொதல்ல வீட்டைப் பழக்கணும், அப்புறம்தான் நாயி.”

டீச்சருக்குத் துணையாகப் போயிருந்த எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. தையல்காரருக்கு இல்லை. அவர் கட்டைவிரலில் பெரிய கட்டு. ஒரே மாதத்தில் மூன்றாவது கடி. கரியனுக்கு நோய் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாய்க் காப்பகத்து வண்டி வந்து அவனைக் கொண்டுபோவதாக ஏற்பாடு. கத்தரிக்கோல் பிடிக்கிற விரல் அல்லவா?

“பிள்ளை மாதிரி என் காலடியிலேயே வெச்சிருந்தேன் டீச்சர்,” என்றார் தையல்காரர்.

“மெஷினை ஓட்டுங்க,” என்றார் டீச்சர் படுத்தபடியே.

மோட்டார் அலறியது. தரை அதிர்ந்ததில் டீச்சரின் கண்ணாடி மூக்கில் தடதடத்தது. நிறுத்தச் சொன்னார், ஓட்டச் சொன்னார், மறுபடி நிறுத்தச் சொன்னார். கடைசியில் எழுந்து உட்கார்ந்தார்.

“அரைமணி நேரத்துல என்னாலயே கண்ணசர முடியல. நாள் பூரா இப்படித் தூங்கவிடாம வெச்சிருந்தா நானும்தான் கடிப்பேன்.”

பாசம் மிகுந்துபோய் தையல் மெஷின் மேசைக்காலில் கட்டிவைத்ததுதான் கோளாறு. சாக்கு உள்ளறைக்குப் போனது. கயிறு குப்பைக்குப் போனது. தூங்குகிறவனை யாரும் தொடக்கூடாது. மாலையில் அவன் இழுத்த பக்கம் நடை, ஒவ்வொரு கம்பத்தையும் மோந்து முடிக்கும்வரை. “எனக்கே இந்த வீட்ல இவ்ளோ கவனிப்பு இல்ல,” என்று தையல்காரரின் மனைவி முணுமுணுத்தாலும், டீச்சர் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை.

ஞாயிறு காலை நாங்கள் போனபோது தையல்காரர் உள்ளறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். கரியன் தானாக வந்து, அந்தக் கட்டுப்போட்ட கையின்மேல் மோவாயை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மனிதர் கையை அசைக்காமல் அழுதுகொண்டிருந்தார்.

கீழே காப்பகத்து வண்டி ஹாரன் அடித்தது.

“வேணாம்னு சொல்லிடுங்க டீச்சர்,” என்றார் தையல்காரர், கிசுகிசுப்பாக.

டீச்சர் சத்தம் வராமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கினார். நான் ஜன்னலுக்கு ஓடினேன். ஓட்டுநரிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டி, வேண்டாம் என்று தலையசைத்தார். வண்டி திரும்பிப் போனதும் எங்கள் ஜன்னலை நிமிர்ந்து பார்த்து, இரண்டு செருப்பையும் வெற்றிக்கோப்பை மாதிரி தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.