சிவப்புச் சட்டைக் கூட்டம்

ஹவுன்ஸ்லோவில் நான் வேலை செய்த கிடங்கின் காவலாளி ஒடுங்கிய முகமும் நீண்டு வளைந்த மூக்கும் உள்ளவர். தேநீர் இடைவேளையில் கைபேசியில் ஒரே வீடியோவைத்தான் பார்ப்பார். கனடாவின் கூடைப்பந்து அணி ஒன்று சாம்பியனான இரவு அது. ஆட்டத்தைத் தள்ளிவிட்டு, மைதானத்துக்கு வெளியே தெருவில் ஆர்ப்பரிக்கும் கூட்டம் வந்ததும் நிறுத்துவார்.

"மகன் அண்டைக்கு அதுக்குள்ள நிண்டவனாம். டொரோண்டோவில இருந்து ஒராள் சொன்னது. நாலு வயசில தாயோட போனவன். பிறகு நான் காணேல்லை."

சிவப்புச் சட்டை போட்ட ஒருவனைத் தொட்டுக் காட்டினார். மூக்கு தன்னுடையது என்றார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அடுத்த கிழமை வேறொருவனைக் காட்டினார்.

"அண்ணை, போன கிழமை மற்றப் பெடியனையெல்லோ காட்டினனீங்கள்?"

"அது இல்லைத் தம்பி. வடிவாப் பார்த்தனான். இவன்தான்."

விரல்களால் படத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கப் பெரிதாக்க அந்த முகம் கலைந்து, வெறும் கட்டங்களாகிப் போனது.

"இப்ப சொல்லும், மூக்கு ஆற்றை?"

"உங்கடதான் அண்ணை."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வீடியோவை முதலிலிருந்து ஓட விட்டார்.