நெல் மூட்டைகளுக்கு நடுவே அண்ணனின் குரல்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்றும் அவருடைய அறைக் கதவு சாத்தியிருந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டில் பயந்தாங்கொள்ளி, தங்கையான நான்தான். அப்படிப்பட்ட என்னை அண்ணி இதை எழுதச் சொல்லிவிட்டார்.

அண்ணன் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பைப் பாதியில் விட்டு வயலில் இறங்கினார். பிறகு சிங்கப்பூரில் வேலை. என் கல்யாணத்தை முடித்துவைத்த பிறகு, தனக்கென்று அவர் அங்கிருந்து வாங்கி வந்தது ஒரு கீபோர்டும் மைக்கும்தான். யாரிடமும் பாட்டு படித்ததில்லை. கைப்பேசியில் பார்த்துப் பார்த்து, தப்பாக வாசித்து, தானே திருத்திக்கொண்டார்.

பதிவு செய்ய அவர் கண்டுபிடித்த இடம் நெல் போடும் அறை. காலியாக இருந்தால் அங்கே குரல் எதிரொலிக்கும். அறுப்பு முடிந்து மூட்டைகளைச் சுவரோடு அடுக்கிவிட்டால் எதிரொலி அடங்கிவிடும். அதனால் லாரி வந்து ஏற்றிப் போவதற்குள் பாடி முடிக்க வேண்டும். நெல்லை விற்காமல் இழுத்தடிப்பார். "ஏங்க, மூட்டைய ஏத்தலாமா, இல்ல இன்னும் பாட்டு பாக்கி இருக்கா?" என்று அண்ணி கேலி செய்வார். பதிவின்போது மின்விசிறி ஓடக்கூடாது, பக்கத்துக் கொல்லை மோட்டார் ஓடக்கூடாது, கதவைத் தட்டவே கூடாது. ஒரு காக்கை கத்தினால்கூட அந்த இடத்தை வெட்டிவிட்டு மறுபடி பாடுவார்.

கடைசியாக அவர் பார்த்த சம்பா அறுப்பின்போது குரல் கரகரத்தது. சளி என்றிருந்தோம். தஞ்சாவூர் டாக்டர், புற்றுநோய், குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார். எங்களுக்கு அவர் உயிரைப் பற்றிப் பயம். அவருக்கோ, வாய்க்காலில் முதல் தண்ணீர் வருவதைப் பற்றித் தானே கட்டிய பாட்டு தொண்டையிலேயே நின்றுவிடுமோ என்ற பயம்.

அந்த வாரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மூட்டைகளில் ஈரம் ஏறியது. பிரித்துக் காயப்போடாவிட்டால் நெல் முளைத்துவிடும். வெயில் தலைகாட்டிய அன்று ஊரே நெல்லைச் சாலையில் கொட்டியது. அண்ணி மட்டும் மூட்டையைத் தொடவிடவில்லை.

"நெல்லு அடுத்த வருசமும் வரும். நீங்க போய்ப் பாடுங்க" என்றார்.

அண்ணன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். பாட்டு கேட்டது, பிறகு இருமல், மறுபடி பாட்டு. திடீரென்று ஒன்றுமே கேட்கவில்லை. புழுங்கும் நெல்லுக்கு நடுவே மூச்சு முட்டி விழுந்துவிட்டாரோ என்று பயந்தேன். பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. கதவைத் தட்டிவிட்டேன். உள்ளிருந்து பதில் வந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அவர் விட்ட இடத்திலிருந்து பாடி முடித்தார்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு பேச்சில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டையே திருத்திக்கொண்டிருந்தார். நோய் அப்படியும் விடவில்லை. கடைசி நாட்களில் பாட்டை அண்ணி கையில் கொடுத்தார். அதைப் போட்டுக் கேட்க இத்தனை நாளும் எங்களுக்குத் துணிவு வரவில்லை. போன வாரம்தான் கேட்டோம்.

அன்று மோட்டாரை நிறுத்திவைத்த பக்கத்துக் கொல்லைக்காரருக்கும், மறுநாள் எங்கள் மூட்டைகளைச் சுமந்துபோய்க் காயவைத்துக் கொடுத்த தெருக்காரர்களுக்கும், அண்ணனை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், துக்கத்தில் உடனிருந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்தப் பாட்டை உங்கள் கைப்பேசிக்கு அனுப்பிவைக்கிறோம். தன் இருமல்களையெல்லாம் அண்ணன் வெட்டிவிட்டார். ஓர் இடத்தை மட்டும் வெட்டவில்லை. பாட்டின் நடுவே கதவு தட்டும் சத்தமும், "அண்ணே, இருக்கீங்களா?" என்று ஒரு பெண் குரலும் கேட்கும். அதற்கு அவர் சொல்வதும் கேட்கும்.

"இருக்கேன் பாப்பா. நீ பயப்படாத."