ஓராண்டு ஓடாத கார்

அண்ணன் இறந்த பிறகு அவருடைய காரை யாரும் தொடக்கூடாது என்று அண்ணி சொல்லிவிட்டார். காங்கேயத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கடியில் அது ஓராண்டு நின்றது. வருடத் திதிக்குத் தாராபுரம் ஆற்றங்கரைக்கு அந்தக் காரிலேயே போக வேண்டும் என்றார். புது பேட்டரி மாட்டி, ஆயில் அளவு பார்த்தேன். சரியாக இருந்தது.

ஊதியூர் தாண்டியதும் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஆயில் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தது. ஆற்றங்கரையில் ஐயர் காத்திருப்பாரே என்று நிறுத்தாமல் ஓட்டினேன். சிறிது தூரத்தில் எஞ்சின் கடகடத்து நின்றுபோனது. இறங்கிப் பார்த்தால், வந்த வழியெல்லாம் சாலையில் எண்ணெய்க் கோடு.

"அவரு ஓட்டறப்ப ஒரு நாளும் நின்னதில்லீங்க தம்பி" என்றார் அண்ணி.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து மெக்கானிக்குக்குச் சொல்லிவிட்டு, பஸ்ஸில் போய்த் திதியை முடித்தோம்.

எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கும் ஆயில் சீலை மெக்கானிக் கழற்றிக் காட்டினார். அதன் ரப்பர் விளிம்பு இறுகி வெடித்திருந்தது. "வண்டி ஓடுனாத்தானுங்க சீல் எண்ணெயில நனைஞ்சு மெத்துன்னு இருக்கும். பத்திரமா வெக்கறோம்னு காயப்போட்டுட்டீங்க. லைட்டு எரிஞ்சும் ஓட்டிப்போட்டீங்க" என்றார். எஞ்சினில் பாதியை மாற்ற வேண்டியதாயிற்று.

கார் வீடு திரும்பியபோது அண்ணி வாசலில் நின்று எஞ்சின் ஓசையைக் காதுகொடுத்துக் கேட்டார். "சத்தம் அவரு வண்டியாட்டம் இல்லீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது கார் நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகே கிளப்புகிறேன். ஞாயிறுதோறும் ஊதியூர் வரை ஓட்டி வருகிறேன். அண்ணி ஒருமுறைகூட ஏறவில்லை.