நான் அமுக்கிய பொத்தான்

தோட்ட ஆபீஸ் மூடியபோது கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டரை வாங்கிவந்து, அதன் ஃப்ளொப்பி டிரைவை இன்று கழற்றியபோது தேயிலைத் தூள் வாசனை வந்தது. மலையகத்து லிந்துலையில் அப்பா கிளாக்கராக இருந்த, இப்போது இடிந்து புதர் மண்டிவிட்ட அந்த ஆபீசும், பக்கத்துப் பெக்டரியின் இரைச்சலும், ஃப்ளொப்பியை விழுங்கும்போது இது போடும் கரகரப்பும் கூடவே வந்தன. சின்ன வயதில் ஒரு சரஸ்வதி பூசைக்கு மறுநாள் ஆசையாய் நான் இதன் பொத்தானை அமுக்க, அதோடு இது நின்றுபோனது. தோட்ட மேனேஜரான துரையிடம் ஏச்சு வாங்கிய அப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இப்போது பார்த்தால், உள்ளே குங்குமம் கலந்த காய்ந்த சந்தனக்கட்டி. சுரண்டித் துடைத்ததும் கரகரவென்று ஓடியது. உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"நான் ஒடைக்கலப்பா! பூசைக்கு நீங்க வச்ச பொட்டுத்தான் உள்ள விழுந்திருக்கு!"

அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவா சொல்லு புள்ள, தொரைக்குக் கேட்டுறப் போகுது."