மஞ்சள் பெட்டிக்காரி

எனலெசியைப் போலப் பயந்தாங்கொள்ளி எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் இன்னொருத்தி கிடையாது. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். கல்லறைத் தோட்டத்துப் பாதையில் பட்டப்பகலில்கூடத் தனியாக நடக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் கையில்தான் எங்கள் வேதக்கோயில் சபை கொண்டுபோய் ஊசியைக் கொடுத்தது.

ஊசி வந்தது ஸ்காட்லாந்திலிருந்து. அங்கே ஏதோ ஒரு சின்ன ஊரில் பத்துப் பதினைந்து வயசாளிகள் சேர்ந்து ஒரு தரும அமைப்பு நடத்துகிறார்கள். கேக் சுட்டு விற்பார்களாம், பழைய துணி விற்பார்களாம், அந்தக் காசில் எங்கள் முலாஞ்சி மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு மலேரியா பார்க்கிற சாமான் அனுப்புவார்களாம். காய்ச்சல்காரப் பிள்ளையின் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் விட்டால் கோடு விழும். ரெண்டு கோடு என்றால் மாத்திரை. புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளைகுட்டி இல்லாதவள், சபை மாதர் சங்கத்துச் சீருடையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து உடுத்துகிறவள் என்று பார்த்து எனலெசியைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் நாள் பிள்ளையைவிட அவள்தான் அதிகம் அழுதாள். போகப்போக, பிள்ளை வாயைத் திறப்பதற்குள் குத்தி முடிக்கிற கை வந்துவிட்டது.

குத்திய ஊசியும் அட்டையும் ஒரு மஞ்சள் பெட்டிக்குள் போகும். அது நிறைந்ததும் அமைப்பின் ஆள், கெலசோமு என்கிறவன், டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து எடுத்துப்போவான். வந்தவனுக்கு ஒரு குவளை தொப்வா கரைத்துக் கொடுப்பாள். சோளக்கூழை வேண்டாம் என்று சொல்கிற மனுஷன் உண்டா, உட்கார்ந்து குடிப்பான். அதைப் பார்த்துவிட்டால் போதும், தங்கை ஃபலெசியின் புருஷன் பிலிமோனிக்கு வாய் சும்மா இருக்காது.

"மதினி, அவன் பெட்டிக்கு வர்றானா, உனக்கு வர்றானா?"

"உன் நாக்கு அழுகிப்போவ! அவனுக்குப் பொண்டாட்டி இருக்காடா."

"இருந்தா என்ன, தொப்வா உன் வீட்லதான குடிக்கிறான்!"

முறை அப்படி. மதினியைக் கேலி செய்யாவிட்டால்தான் எங்கள் ஊரில் தப்பு.

அந்த வருஷம் மழைக்கு முந்தின மாதம் ரத்த உறிஞ்சிகள் வந்திருப்பதாகப் பேச்சு கிளம்பியது. ஆற்றுக்கு அப்புறம் ஒருத்தியின் ரத்தத்தைத் தூக்கத்திலேயே உறிஞ்சிவிட்டார்களாம். காரில் வருகிறார்களாம், வெளிநாட்டுக்கு விற்கிறார்களாம். பார்த்தவர் யார் என்று கேட்டால் பக்கத்து ஊரைக் காட்டினார்கள். பக்கத்து ஊரில் கேட்டால் எங்களைக் காட்டினார்கள். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். முதலில் அடைத்தவள் எனலெசி.

அவளைத் தேடிப் பிள்ளைகள் வருவது நின்றுபோனது. தண்ணீர்க் குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். அதுகூடப் பெரிதில்லை. வீட்டுக்குள் கட்டிலடியில் மஞ்சள் பெட்டி இருந்தது. ஊரார் ரத்தமெல்லாம் சொட்டுச் சொட்டாக அதற்குள் இருந்தது. பெரியாஸ்பத்திரியில் எரித்துவிடுவார்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். எரித்ததை அவள் பார்த்தாளா? ஒருவேளை உண்மையாகவே இருந்தால்? ஊரே தேடுகிற உறிஞ்சிக்கு இத்தனை நாள் நானேதான் கறந்து கொடுத்தேனா? கட்டிலில் படுக்கப் பயந்து அடுப்படியில் படுத்தாள். கெலசோமுவை நினைத்தும் பயந்தாள், கெலசோமுவுக்காகவும் பயந்தாள். வராதே என்று சொல்ல போனை எடுப்பாள். யாராவது கேட்டுவிட்டால் நானும் அவனும் ஒரு கூட்டு என்பார்களே என்று வைத்துவிடுவாள். அப்படியே நாள் ஓடி, அவன் வருகிற நாளும் வந்துவிட்டது.

மதியம் வெளியே பிள்ளைகள் கத்தினார்கள். "பிடிச்சாச்சு! உறிஞ்சியப் பிடிச்சாச்சு!"

யூக்கலிப்டஸ் மரத்தடியில், உறிஞ்சியைப் பிடிக்கவென்று பயல்கள் பாதைக்குக் குறுக்கே கட்டை போட்டிருந்த இடத்தில், கூட்டம். எனலெசி போகக் கூடாது என்றுதான் நினைத்தாள். கால் போய்விட்டது. கெலசோமு முட்டிபோட்டுக் கிடந்தான். சட்டை கிழிந்து, காதோரம் ரத்தம். ஒருத்தன் அவனுடைய வண்டியைச் சாய்த்துப் பெட்ரோலைக் குவளையில் பிடித்துக்கொண்டிருந்தான். எதற்கென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கெட்ட காரியம், அதைவிடக் கெட்டது அங்கிருந்த எல்லாருமே எங்கள் ஆட்கள்.

முன்னால் நின்றது பிலிமோனி, கையில் அரிவாள்.

"பெட்டிய எடுக்கத்தானடா வந்தே? யாருக்கு விக்கிற?"

"எரிக்கத்தான்யா கொண்டுபோறேன். சத்தியமா எரிக்கத்தான்."

"எங்க ரத்தத்த எரிக்கிறியா?"

கெலசோமுவின் கால்சட்டை நனைந்திருந்ததை எனலெசி பார்த்தாள். இடி இடிக்கும்போது தன் கை எப்படி ஆடுமோ அப்படியே அவன் கை ஆடியது. இவனா ரத்தம் குடிப்பவன்? இத்தனை நாள் வயிற்றில் கிடந்த சந்தேகம் அந்த நொடியில் விட்டது. ஆனால் "இவன் நல்லவன்" என்று அவள் சொன்னால் யார் கேட்பார்கள்? பெட்டிக்காரி பெட்டிக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று குவளையில் பாதியை அவள் மேல் ஊற்றுவார்கள். அந்தப் பயத்திலிருந்தே, அவளே எதிர்பாராத ஒரு சிரிப்பு வந்தது.

"அடப்பாவிகளா! மதினிக்கு ஒரு ஆம்பள வந்தா ஊரே அருவாளத் தூக்கணுமாடா?"

கூட்டம் திரும்பியது.

"என்னடா பாக்கிற பிலிமோனி? வாய் ஓயாம நீதான கேட்டே, பெட்டிக்கு வர்றானா உனக்கு வர்றானான்னு? எனக்குத்தான்டா வர்றான். பெட்டி ஒரு சாக்கு. போதுமா? புருஷன் செத்து எத்தன வருஷமாச்சு, நான் என்ன கல்லா, மண்ணா? ஒரே ஒருத்தன் வந்தான், அவனையும் கொளுத்துங்க, போங்க!"

பெட்ரோல் பிடித்தவன் குவளையோடு நின்றான். பிலிமோனி அவளையே பார்த்தான். அந்தப் பார்வை முடிவதற்குள் எனலெசி பத்து முறை செத்திருப்பாள். அப்புறம் அவன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"நான் அப்பவே சொன்னேன்ல! கஞ்சி போட்ட சீருடைக்குள்ள இவ்வளவு கதையா மதினி?"

ஒருத்தன் சிரிக்க, இன்னொருத்தன் சிரிக்க, பெண்கள் கைதட்டிக் குலவையிட்டார்கள். பிலிமோனியே கெலசோமுவைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தான். "ஓடு மாப்ள. பொண்டாட்டி காதுல விழறதுக்குள்ள ஓடு." அவன் ஓடினான். எனலெசி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

பேச்சு சபைக்குப் போகாமல் இருக்குமா? ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர் கம்வெண்டோ எல்லார் முன்னாலும் அவளை எழுப்பினார்.

"எனலெசி, நீ அந்தாளோட பாவத்துல விழுந்தது நெசந்தானா? கடலுக்கு அந்தப் பக்கம் வயசானவங்க உன் பேரச் சொல்லி ஜெபிக்கிறாங்கம்மா. நான் அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பிலிமோனியும் கட்டை போட்ட பயல்களும் ஆண்கள் பக்கத்துப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பொய் என்றால், அன்றைக்கு உறிஞ்சியைத் தப்பவிட்டவள் இவள்தான் என்று ஆகிவிடும். அவனை டவுனில் போய்த் தேடுவார்கள். அதற்கு முன்னால் இவள் வீட்டுக்கு வருவார்கள். குவளை அவள் கண்முன்னால் நின்றது.

"நெசந்தான் ஐயா," என்றாள்.

அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்திலிருந்து விலக்கினார்கள். சீருடையை வாங்கிக்கொண்டார்கள். ஊசி, அட்டை, மாத்திரை, மஞ்சள் பெட்டி எல்லாவற்றையும் கோயில் அறையில் பூட்டி, சாவியை மூப்பர் எடுத்துக்கொண்டார். கெலசோமுவின் வேலையும் போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் இருவருக்காகவும் உருகி உருகி ஜெபித்தார்களாம்.

முதல் மழை விழுந்த வாரம், பொழுது சாய்கிற நேரத்தில் கதவைத் தட்டினார்கள். எனலெசி உலக்கையை எடுத்துக்கொண்டுதான் திறந்தாள். பிலிமோனி நின்றான், தோளில் அவனுடைய சின்ன மகன்.

"உடம்பு கொதிக்குது மதினி. குத்திப் பாரு."

"எத வச்சுக் குத்த? எல்லாம் கோயில்ல கெடக்கு."

"மூப்பர் சாவியோட டவுனுக்குப் போயிட்டாரு. ஃபலெசி அடுத்ததப் பெத்து எட்டு நாள்தான் ஆகுது, எழும்ப முடியல."

"அப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு. என்ட்ட எதுக்கு வந்தே?"

அவன் தரையைப் பார்த்தான். "பாதையில ஆத்துப்பக்கத்துப் பயலுக கட்ட போட்டிருக்கானுங்க. இருட்டுற நேரத்துல பிள்ளையத் தூக்கிட்டுப் போற ஆம்பளைய விட மாட்டானுங்க. நேத்து ஒருத்தன் கைய ஒடிச்சுட்டானுங்க."

யார் கற்றுக்கொடுத்த பழக்கம் என்று கேட்க அவளுக்கு வாய்வரை வந்தது. அதற்குள் அவன் சொன்னான்.

"அன்னைக்கு நீ சொன்னது பொய்னு அப்பவே எனக்குத் தெரியும் மதினி. எனக்கும் அவன வெட்ட மனசில்ல. எப்படி நிறுத்துறதுன்னுதான் தெரியல. நீ சொன்னதும் பிடிச்சுக்கிட்டேன்."

எனலெசிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "தெரிஞ்சுமாடா அந்தப் பெஞ்சில பொம்ம மாதிரி உக்காந்திருந்தே?"

"என்னய விட்டுருப்பானுங்களா?"

அடிக்கலாம் என்று உலக்கையை ஓங்கினாள். சின்னவன் முனகினான். அவள் உலக்கையைப் போட்டுவிட்டு, பிள்ளையை வாங்கி, துணியால் முதுகோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு தூறலில் இறங்கினாள். கல்லறைத் தோட்டத்துப் பாதைதான், வேறு வழி இல்லை. தேயிலைச் செடிக்குள் ஏதோ சலசலத்தபோதெல்லாம் உயிர் போய்ப் போய் வந்தது. சத்தமாகப் பாடிக்கொண்டே நடந்தாள். பாட்டு பாதியில் மறந்துபோனது.

கட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்தார்கள். நாலு பயல்கள், நாலு அரிவாள்.

"யாரது? முதுகுல என்ன?"

வெளிச்சம் முகத்தில் நின்றது. அப்புறம் ஒருத்தன் விசிலடித்தான்.

"ஏலே, இது அந்தப் பெட்டிக்காரிடா! மோட்டார் சைக்கிள்காரன் கூத்தியா!"

"என்னக்கா, மழையில எவனப் பாக்கக் கெளம்பிட்டே?"

இல்லையென்று வாதாட நேரமில்லை, ஒரு பிள்ளை முதுகில் கொதித்துக்கொண்டிருந்தது. எனலெசி இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டினாள். "ஒனக்கென்னடா பொறாம? ஆஸ்பத்திரி வாட்ச்மேனப் பாக்கத்தான்!" என்று சிரித்தாள். பயல்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே கட்டையைத் தூக்கி வழிவிட்டார்கள்.

டார்ச் வெளிச்சம் முதுகை விட்டு விலகும்வரை அவள் இடுப்பை ஆட்டி ஆட்டியே நடந்தாள். வளைவு திரும்பியதும் பிள்ளையின் காலை இறுகப் பிடித்துக்கொண்டு, விம்மிக்கொண்டே ஓடினாள்.