கழற்றி வைத்த ஸ்வெட்டர்

எண்பதுகளில், அப்பாவின் திதிக்கு மறுநாள் ஏற்காட்டு முதியோர் இல்லத்துக்குப் போய்க் கம்பளி கொடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். முதல் வருஷம் வரிசையின் முன்னால் ஒரு முதியவர் நின்றார். கரடியூர்ப் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்ந்தவர் என்றார்கள். ஒட்டிய கன்னம், நரைத்த மீசை. பனிமூட்டத்தில் மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தார். கம்பளியை வாங்கியதும், யாரும் சொல்லாமலேயே அதை நெஞ்சோடு அணைத்து போட்டோவுக்குத் திரும்பி நின்றார்.

வேனில் ஏறிய பிறகு, மறந்துவிட்ட குடையை எடுக்க நான் மட்டும் திரும்பி வந்தேன். அவர் ஒரு தடித்த நீல ஸ்வெட்டருக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது இருக்கறப்ப ஏனுங்க குளிர்ல நின்னீங்க?"

"போட்டுட்டு நின்னா குடுக்க வந்தவங்களுக்குச் சப்புனு போயிருமுங்க. முன்னால ஒருத்தர், இவங்களுக்குத்தான் எல்லாம் இருக்குதேன்னு மூட்டையை அவுக்காமயே போயிட்டாருங்க. அதுலருந்து ஆளுக வந்தா எல்லாரும் கழட்டிருவோமுங்க." பல தடவை சொல்லிச் சலித்ததுபோல் சொன்னார்.

அடுத்த வருஷம் வேன் நின்றதும் நான் முதலில் இறங்கி அவரிடம் ஓடினேன். "கழட்டாதீங்க, நான் சொல்லிக்கறேன்."

எனக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்த என் அண்ணன்களை அவர் பார்த்தார்.

"நீங்க சொல்றீங்க, சரிங்க. அவங்களும் சொல்லோணுமில்லீங்க?"

பொத்தான்களை அவிழ்க்கத் தொடங்கினார். விரல்கள் விறைத்திருந்ததால் கடைசிப் பொத்தான் கழலவில்லை. நான்தான் கழற்றிவிட்டேன். ஏனென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.